வீப்கே தோடே மகனுக்குச் சாவு சொன்னது

எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கல் நிற்கிறது. பிரான்சுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். ஹென்னிங் தோடேயின் பெயரும் இருக்கிறது. அதைத் திறந்துவைத்த அன்று முன்வரிசையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவனைப் பெற்றவளின் வாயைக் கட்டியவர்கள் அவர்கள்தான். விழாவுக்குக் கூப்பிட வந்தவனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பெற்றவள் வீப்கே தோடே. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் பெயர் மேட்டா. நியூ ஹைடே ஊரின் டெலிபோன் பலகை என் வீட்டு முன்னறையில் இருந்தது. யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் எனக்குத் தெரியாமல் ஒரு பசு கன்று போட்டதில்லை.

வீப்கேயை நல்லவள் என்று அவள் உயிரோடிருந்த காலத்தில் யாரும் சொன்னதில்லை. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. சிவந்த பெரிய கைகள். வாயைத் திறந்தால் எதிரே நிற்பவன் தொப்பியைப் பிடித்துக்கொள்வான். பால் வண்டிக்காரன் அவள் வீட்டு வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடியே போவான். கணவன் கிளாவுஸ், பிரஷ்யா அரசன் வட ஜெர்மனியில் இருந்த எங்கள் பழைய மண்ணைப் பிடுங்கிக்கொண்டு பையன்களைப் பட்டாளத்துக்கு இழுத்தபோது அதற்குத் தப்பிக் கப்பலேறியவன். இங்கே வந்து குதிரை வளர்த்தான். ஒரு குதிரையே அவனை உதைத்துக் கொன்றது. அடுத்த வாரமே வீப்கே அந்தக் குதிரையை ஏரில் பூட்டி உழுதாள். "அதுக்கு என்ன தெரியும்? இவரு பின்னால போய் நின்னாரு" என்றாள்.

அவளுக்கு ஹென்னிங் ஒரே பிள்ளை. கிளாவுஸின் தம்பியும் அவன் மனைவியும் ஒரே காய்ச்சலில் போனபோது அவர்கள் மகன் குஸ்டாவையும் இவளே எடுத்து வளர்த்தாள். இரண்டு பையன்களும் ஒரே கட்டிலில் தூங்கி, ஒரே சவுக்கால் அடி வாங்கி வளர்ந்தார்கள். வீட்டில் எங்கள் ஜெர்மன் பேச்சு, கோயிலில் எங்கள் பேச்சு, கடையில் எங்கள் பேச்சு. இத்தனை வருஷத்தில் வீப்கேக்கு ஆங்கிலம் வரவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால் சாவு சொல்ல வேண்டும். பழைய நாட்டில் வாசல் வாசலாகப் போய்ச் சொல்வார்கள். செத்தது யார் பிள்ளை, என்ன வயது, அவனிடம் இருந்த நல்லது என்ன, அவன் செய்த தப்பு ஒன்று. அந்தத் தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். யாருக்குத் தப்பு செய்தானோ அவர் அதைக் காதால் கேட்டு, "கேட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதோடு தீர்ந்தது. பிறகு செத்தவனைப் பற்றி ஊரில் ஒருத்தர் குறை பேசக் கூடாது. சொல்லாமல் விட்டால் அவனைப் பாதியில் விட்டது போல. இங்கே புல்வெளியில் வீட்டுக்கு வீடு தூரம் அதிகம். அதனால் டெலிபோன் வந்ததும் சாவு கம்பிக்கு ஏறிவிட்டது. நான் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீண்ட மணி அடிப்பேன். எல்லாரும் எடுப்பார்கள். சாவு வீட்டுக்காரர் சொல்லி முடித்து "கேட்டீங்களா?" என்பார். வீடு வீடாக "கேட்டோம்" என்று குரல் வரும்.

ஐரோப்பாவில் சண்டை மூண்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் வருஷக் கோடையில். நாம் நடுநிலை, எண்ணத்தில்கூட நடுநிலையாக இருங்கள் என்றார் ஜனாதிபதி. எங்கள் ஊரில் சிலர் ஜெர்மன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசினார்கள். வீப்கே அவர்களையும் விடவில்லை.

"பிரஷ்யாக்காரன் எக்கேடு கெட்டா எனக்கென்னடி மேட்டா? அவன் பட்டாளத்துக்குப் பயந்துதானே எம்புருஷன் ஓடியாந்தான். அவனும் இங்கிலீஷ்காரனும் ஒருத்தன ஒருத்தன் கடிச்சிக்கிட்டுச் சாகட்டும். நமக்குக் குதிர இருக்கு, பன்னி இருக்கு. போதும்."

அந்தக் குதிரைகளில்தான் ஆரம்பித்தது. மரக்கடை முதலாளி விட்கோம்ப் இங்கிலாந்துப் பட்டாளத்துக்குக் குதிரை பிடித்துக் கொடுக்கும் தரகையும் எடுத்துக்கொண்டார். தோடே பண்ணைக்கு வந்து ஒவ்வொரு குதிரையின் வாயையும் திறந்து பார்த்தார். அவர் ஆங்கிலத்தை குஸ்டாவ் மொழிபெயர்த்தான். அப்போது அவன் மரக்கடையில் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்திருந்தான். ஹென்னிங் அன்று தாயிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. முட்டை வாங்க நானும் அங்கே போயிருந்தேன்.

"ஏம்மா, நாம நடுநிலைன்னாங்களே. அப்ப ஜெர்மன்காரனுக்கும் குதிர போகுதா?"

"அவன் கப்பல் எப்படிடா வரும்? இங்கிலீஷ்காரன் கடல மறிச்சிக்கிட்டு நிக்கிறான்."

"அப்ப இது என்ன நடுநிலை?"

"காசு வாங்குற நடுநிலை. போயி லாயத்தக் கூட்டு."

நாடு போருக்குள் போன கதையைப் பள்ளிக்கூடத்தில் இப்போது வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் பலகையில் உட்கார்ந்து கேட்டதைச் சொல்கிறேன். முதலில் குதிரை போனது. அப்புறம் சோளம், பன்றிக்கறி, செம்பு, தோட்டா. வாங்குகிறவனிடம் காசு தீர்ந்ததும் நம் பெரிய வங்கிகளே அவனுக்குக் கடன் கொடுத்தன. அவன் தோற்றால் கடன் போச்சு. விட்கோம்ப் முதலில் போனில் "இங்கிலாந்து ஜெயிக்குமா?" என்றுதான் பேசுவார். பதினாறாம் வருஷம் முடிவதற்குள் "நாம ஜெயிப்பமா?" என்று பேச ஆரம்பித்துவிட்டார். போர் அறிவிக்காத காலம் அது. அந்த மனிதருக்கு மட்டும் எப்போதோ அறிவித்தாகிவிட்டது.

இடையில் பதினைந்தாம் வருஷம் மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியா கப்பலை மூழ்கடித்தது. பெண்கள், குழந்தைகள், நம் நாட்டு ஆட்கள் என்று கூட்டமாகச் செத்தார்கள். அது அக்கிரமம். வீப்கேயே சொன்னாள், அதைச் செய்தவன் கை அழுகட்டும் என்று. ஆனால் மரக்கடையில் அந்தக் கோபம் வேறு உருவம் எடுத்தது. அந்த சனிக்கிழமை நடனக் கொட்டகையில் பாதி ஊர் பார்க்க குஸ்டாவ் பீர்க் கோப்பையோடு எழுந்து நின்றான்.

"நம்ம ரத்தமே அப்படித்தான். கொழந்தையக் கொல்றது நமக்குப் பெரிய விஷயமா? எங்க பெரியம்மா வாத்துக் கழுத்தத் திருகுறப்பப் பாத்திருக்கீங்களா? கண்ணு இமைக்காது."

சிலர் சிரித்தார்கள். ஹென்னிங் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஒரே அடி. குஸ்டாவின் முன்பல் தரையில் விழுந்தது.

வீட்டில் வீப்கே மகனைத்தான் பிடித்துக்கொண்டாள். "அவன் பேசினது கொழுப்பு. நீ அடிச்சது அதவிடத் தப்பு. ஒங்கூடப் பொறந்தவன் மாதிரி வளந்தவன். போய் மன்னிப்புக் கேளு."

"கேக்க மாட்டேன். ஒன்னப் பத்திப் பேசினான்."

"என்னப் பத்திப் பேசினா எனக்குப் பேசத் தெரியும்டா. ஒன்ன யாரு வக்கீலா வச்சது?"

அவன் போகவில்லை. குஸ்டாவ் மூட்டையைக் கட்டிக்கொண்டு மரக்கடை மாடிக்குக் குடிபோனான். கொஞ்ச நாளில் பெயரையும் மாற்றிக்கொண்டான். குஸ்டாவ் தோடே போய், கஸ் டாட் வந்தான். எங்களில் யாராவது தெருவில் எங்கள் பேச்சில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வளர்த்தவள் கையால் தின்ற சோறு மட்டும் உடம்பில் ஒட்டியிருந்தது. அதைக் கழற்ற முடியாதே.

பதினாறாம் வருஷத் தேர்தலில் எங்கள் ஆண்களில் பாதிப்பேர், போருக்கு இழுக்காமல் காத்தவர் என்று அதே ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டார்கள். நாலைந்து மாதம் தாங்கியது. ஜெர்மனி எந்தக் கப்பலையும் விட மாட்டேன் என்று எல்லாவற்றையும் மூழ்கடிக்க ஆரம்பித்தது. அது போதாதென்று, சண்டை வந்தால் நம் பக்கம் சேர், உனக்கு டெக்சாஸ் தருகிறேன் என்று மெக்சிகோவுக்கு ரகசியத் தந்தி அடித்தது. தந்தி வெளியே வந்துவிட்டது. நான் அதைப் பத்திரிகையில் பார்த்து வீப்கேக்கு வாசித்துக் காட்டினேன்.

"டெக்சாஸ் இவன் அப்பன் வீட்டுச் சொத்தா? அங்க ஒக்காந்துக்கிட்டு அடுத்தவன் நெலத்தப் பங்கு போடுறான். பிரஷ்யாக்கார மூள. போடி, இனிமே தடுக்க ஆளில்ல. என் பையன எழுதிக்கிட்டாங்கன்னு வச்சிக்க" என்றாள்.

ஏப்ரலில் போர் அறிவித்தார்கள். ஜூனில் இருபத்தொன்றிலிருந்து முப்பது வயது வரை எல்லா ஆண்களையும் பதியச் சொன்னார்கள். ஹென்னிங் பதிந்தான், குலுக்கலில் அவன் எண் வந்தது. குஸ்டாவுக்குத் தட்டைப் பாதமாம், வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தட்டைப் பாதத்தோடு மரக்கடையில் நாள் முழுக்க ஏணி ஏறி இறங்கினான்.

இலையுதிர் காலத்தில் ஹென்னிங் ரயிலேறினான். வழியனுப்ப நானும் போயிருந்தேன். பீரங்கி இழுக்கும் குதிரைகளுக்கு ஆள் வேண்டுமாம், அதற்கு அவனை எடுத்திருந்தார்கள். பெட்டியின் படியில் நின்றுகொண்டு தாயிடம் குனிந்தான்.

"அம்மா, நான் அடிச்சது தப்புதான். குஸ்டாவ்கிட்டச் சொல்லிரு. மன்னிச்சுக்கச் சொல்லு."

"அடிச்ச கைதான் போய் நிக்கணும். நீயே வந்து சொல்லு."

"வர நாளாகுமேம்மா."

"ஆகட்டும். அவன் எங்கயும் போயிர மாட்டான். தட்டப் பாதம்."

ஹென்னிங் வாய்விட்டுச் சிரித்தான். ரயில் கிளம்பியது.

மகன் பட்டாள முகாமில் இருக்கும்போதே தாயின் தானியக் கொட்டகையில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். துரோகி வீடு என்று அர்த்தம். அடித்தவர்கள் விட்கோம்ப் தலைமையில் புதிதாக முளைத்த நாட்டுப்பற்றுக் குழு. போருக்குக் கடன் கொடுக்கும் அரசுப் பத்திரம் போதுமான அளவு வாங்கவில்லை என்பது குற்றம். வீப்கே அந்த மஞ்சளைத் துடைக்கவில்லை. "எம்மகன் சீருடையோட வந்து இதப் பாக்கட்டும். அப்புறம் யாரு தொடைக்கிறாங்கன்னு பாப்பம்" என்றாள். தெருவில் யாராவது பரிதாபமாகப் பார்த்தால் அவர்களுக்கும் திட்டு விழுந்தது.

பதினெட்டாம் வருஷம் மே மாதம் கவர்னர் உத்தரவு போட்டார். பள்ளியில், ரயிலில், தெருவில், கோயிலில், டெலிபோனில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டுக்குள் தங்கள் மொழியில் கும்பிட்டுக்கொள்ளலாம். குழு என் வீட்டுக்கு வந்தது.

"வேற மொழி காதுல விழுந்தா லைனக் கட் பண்ணிரணும், மேட்டா" என்றார் விட்கோம்ப்.

"அப்ப நான் நாள் பூரா கட் பண்ணிக்கிட்டேதான் இருக்கணும் சார். சமையல் யாரு பண்றது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை நம்பாமல் குஸ்டாவை மரக்கடை டெலிபோனில் உட்கார வைத்தார். எந்த மணி அடித்தாலும் எடுத்துக் கேட்பதும் யார் பேசினார்கள் என்று சொல்வதும் அவன் வேலை. ஒரு கம்பியில் பல வீடு சேர்ந்திருப்பதால் ஒட்டுக்கேட்பது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதையே ஒருத்தன் உத்தியோகமாகச் செய்து அப்போதுதான் பார்த்தோம்.

ஆகஸ்டில் ரயில் நிலையத்துக்காரர் எனக்குப் போனில் ஒரு தந்தியை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "இத நீங்களே போய்ச் சொல்லிருங்கம்மா, எனக்கு அவங்க மொழி தெரியாது" என்றார். நான் பலகையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு போனேன். வீப்கே பன்றித் தொட்டியில் தவிட்டைக் கொட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"எப்ப?"

"போன மாசக் கடைசியில."

"குதிரைங்க?"

"தெரியலக்கா. அது எழுதல."

அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "குஸ்டாவ்கிட்டச் சொல்லணும். அவன் சொல்லச் சொன்னான், நான் மாட்டேன்னுட்டேன். இப்ப நான்தான் சொல்லணும். வண்டிய எடு" என்றாள்.

இருவரும் நேரே மரக்கடைக்குப் போனோம். குஸ்டாவ் கல்லாவுக்குப் பின்னால் இருந்தான். விட்கோம்ப் பக்கத்தில் நின்றார். சேதி ஊருக்கு எட்டியிருந்தது. விட்கோம்ப் தொப்பியைக்கூடத் தொட்டார். வீப்கே அவரைப் பார்க்கவே இல்லை.

"குஸ்டாவ், ஹென்னிங் போயிட்டான். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

குஸ்டாவ் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னான்: "மன்னிக்கணும் மேடம், எனக்கு இந்த மொழி புரியாது."

வீப்கே என்னிடம் திரும்பினாள். "என்னடி சொல்றான்?"

நான் சொன்னேன். அவள் வாயிலிருந்து ஒரு வசவும் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவளுக்கும் சேர்த்து நான் அவனை நாலு வார்த்தை ஆங்கிலத்தில் திட்டினேன், அது சட்டப்படி செல்லும். அவனுக்குக் கழுத்து சிவந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஹென்னிங்குக்கு நினைவு வழிபாடு. குழு ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் பாவம், அகராதி வைத்து எழுதிய ஆங்கிலத்தை வியர்வை வழிய வாசித்தார். எங்கள் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்த வீப்கேக்குப் புரிந்தது இரண்டே சொல்: ஹென்னிங், ஆமென். அவன் பெயர் வரும்போதெல்லாம் நிமிர்ந்தாள். பிறகு மறுபடி தலை தொங்கிவிடும். பெற்ற பிள்ளையின் வழிபாட்டில் தாயைச் செவிடாக உட்கார வைத்தார்கள். வெளியே வந்ததும் விட்கோம்ப் கை கொடுக்க வந்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பாதிரியாரு யாருக்குடி பேசினாரு?" என்று என்னிடம் கேட்டாள். "பின்னால இருந்தவங்களுக்கா?"

மறுநாள் காலை பலகையில் தோடே வீட்டு அழைப்பைக் காட்டும் தகடு விழுந்தது. எடுத்தேன்.

"மேட்டா, நீள மணி அடி."

"அக்கா, குஸ்டாவ் கேட்டுக்கிட்டு இருப்பான்."

"அதுக்குத்தாண்டி அடிக்கச் சொல்றேன். கேக்குறதுதானே அவன் வேல? முன்னால போய் நின்னா புரியாதுங்கிறான். இதக் கேட்டுத்தானே ஆகணும்."

பலகை போனால் எனக்குச் சோறு போய்விடும். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கோயிலில் அவள் தலை தொங்கியதை நினைத்தேன். அடித்தேன். கை வலிக்கும்வரை மணியின் கைப்பிடியைச் சுழற்றினேன். வீடு வீடாக எடுக்கும் சத்தம் கம்பியில் கேட்டது. மரக்கடையிலும் எடுத்தார்கள்.

"வீப்கே தோடே பேசுறேன்" என்றாள் எங்கள் பேச்சில். "சாவு சொல்றேன். எம்மகன் ஹென்னிங். கிளாவுஸ் தோடே மகன். வயசு இருபத்திநாலு. பிரான்சுல செத்தான். எந்த எடம்னு எழுதல. ஒடம்பு வரல. குதிரைங்க அவன் கொரலக் கேட்டா நிக்கும். வெறகு கொண்டான்னு அவன்கிட்ட நான் ஒரு நாளும் சொன்னதில்ல, சொல்லாமலே கொண்டாந்து போடுவான். பாட்டு வராது, ஆனாலும் பாடுவான். அவன் செஞ்ச தப்பச் சொல்றேன். கூடவே வளந்த குஸ்டாவ ஊர் பாக்க அடிச்சுப் பல்ல ஒடச்சான். வீம்பா இருந்தான். ரயிலேறையில மன்னிப்பு கேட்டு எங்கிட்டச் சொல்லி விட்டான். நான் நீயே வந்து சொல்லுன்னேன். அவன் வரல. குஸ்டாவ், அவன மன்னிச்சுக்க." மூச்சு வாங்கினாள். "கேட்டீங்களா?"

எல்லாருக்கும் பயம். போனை வைத்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் வடக்குப் பண்ணையிலிருந்து ஒரு கிழவியின் குரல், "கேட்டோம், வீப்கே." அடுத்து ஒரு ஆண் குரல். அப்புறம் வரிசையாக வந்தது, எங்கள் பேச்சில், ஒவ்வொரு வீடாக. மரக்கடையிலிருந்து மட்டும் வரவில்லை. அங்கே யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு இழுபறிச் சத்தம், விட்கோம்பின் குரல் ஆங்கிலத்தில் கத்தியது, மரக்கடை போன் செத்தது.

வீப்கே இன்னும் காத்திருந்தாள். "அவன் சொன்னானாடி?"

"இல்லக்கா."

அந்த வாரமே எங்கள் இருவரையும் மரக்கடை மாடியில் குழு முன்னால் நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் விட்கோம்பும் இன்னும் சிலரும். ஓரத்தில் குஸ்டாவ், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. முதலில் நான் வாதாடினேன்.

"வீட்டுக்குள்ள கும்பிட்டுக்கலாம்னு கவர்னர் சொல்லியிருக்காரு. அவங்க வீட்டு அடுக்களையில நின்னுதான் பேசினாங்க."

"கம்பி வீட்டுக்கு வெளிய போகுதே" என்றார் விட்கோம்ப். "பட்டாளத்துல செத்தவனோட அம்மாங்கிறதால மரியாதையாக் கேக்குறோம். எதிரி மொழியில ஊருக்கே என்ன சேதி சொன்னாங்க? டாட், நீ சொல்லு."

"எனக்கு அந்த மொழி மறந்துபோச்சு சார்."

"மறந்த மொழிய எதுக்கு அவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு நின்ன? நான் வந்து பிடுங்குற வரைக்கும் வைக்கலியே. நிறமே வெளுத்துப்போய் நின்ன. சொல்லு, இல்லேன்னா நீயும் அவங்க பக்கம் போய் நில்லு."

குஸ்டாவ் மொழிபெயர்த்தான். நல்ல ஆங்கிலம். எங்கள் பாதிரியாருக்கு அதில் பாதி வந்திருந்தால் போதும். இன்னார் மகன், இன்ன வயது, பிரான்சில் செத்தான். குதிரைகள் அவன் குரலுக்கு நிற்கும். விறகு. பாட்டு. மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருத்தர் மூக்கைச் சிந்தினார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. மஞ்சள் பெயின்ட் வாளியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருத்தர்.

வீப்கேக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவள் கண் குஸ்டாவின் வாயைவிட்டு நகரவில்லை.

"அவ்வளவுதான் சார்" என்று முடித்தான் குஸ்டாவ். "இரங்கல் செய்தி. வேற ஒண்ணுமில்ல."

விட்கோம்ப் பேனாவை எடுத்தார். அதற்குள் வீப்கே எழுந்துவிட்டாள்.

"குஸ்டாவ். ஹென்னிங் பேரு வந்துச்சு. எம்பேரு வந்துச்சு. ஒம்பேரு வரலியே. அத விட்டுட்டியா?"

"இங்கிலீஷ்!" என்று மேசையைத் தட்டினார் விட்கோம்ப்.

வீப்கே அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவங்களுக்குச் சொல்லாட்டிப் போ. அவங்க யாரு? அது ஒனக்குச் சொன்னது. அவன் ஒங்கிட்டக் கேட்டது. எம்புள்ளைக்கு இன்னும் நீ ஒருத்தன்தான் பாக்கி. கேட்டியா, இல்லியா?"

நான் குஸ்டாவைப் பார்த்தேன். அவன் முதலாளியைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். வாய் திறந்தது, உடைந்த பல்லின் இடைவெளி தெரிந்தது. மூன்று வருஷமாக அவன் வாயில் வராத எங்கள் பேச்சில் சொன்னான்:

"கேட்டேன், பெரியம்மா."

விட்கோம்ப் எங்கள் இருவருக்கும் அபராதம் போட்டார், என் பலகையைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் பேனாவை மறுபடி மையில் தோய்த்து, குஸ்டாவுக்கும் அதே அபராதம் போட்டார். குஸ்டாவ் தேம்பிக்கொண்டிருந்தான். வீப்கே அவன் அருகில் போகவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே, மகன் இறந்த சேதி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஓங்கி அழ ஆரம்பித்தாள். இங்கிலீஷில் அழச் சொல்லி அவளிடம் அன்று யாரும் சொல்லவில்லை.